பதினோரு பவுண்டு, இரண்டு அவுன்ஸ்

ஏரிக்கரை வீடு, கிழக்கு டெக்சஸ்
மார்ச் 17, 1998, செவ்வாய்

அன்பு மகள் கொரீனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, நாய், முட்டை போட மறந்துபோன நாலு கோழிகள் எல்லாரும் சுகமாகவே இருக்கிறோம். அங்கே அலாஸ்காவில் அந்தப் பனிக்குள் நீயும் சுகமாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. போன மாதக் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க மருந்துச் சீட்டு படித்துப் படித்து உனக்குக் கடிதமும் அந்த நீளத்துக்குத்தான் வருகிறது போலிருக்கிறது. உன் சிநேகிதன் முப்பது பவுண்டு சால்மனைத் தூக்கிக்கொண்டு நிற்கிற போட்டோவை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, அது ஆற்றில் தானாக வரிசை கட்டி வருகிற மீன், அதைப் பிடிப்பது பஸ் ஸ்டாப்பில் நின்று பஸ் பிடிக்கிற மாதிரி, ஆண்மகனாக இருந்தால் இங்கே வந்து ஒரு பெரிய பாஸ் மீனைப் பிடித்துக் காட்டட்டும் என்றார். பையன் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறான். மீனுக்குப் பக்கத்தில் நிற்காமல் தனியாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் இன்னும் நன்றாகத் தெரியும்.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். நீ போன் செய்தால் நான் கூடத்தில் எடுக்கிறேன், உன் அப்பா அடுக்களைப் போனைச் சத்தமில்லாமல் எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார். மூச்சு விடுகிற சத்தம் உனக்கே கேட்டிருக்கும். அதனால்தான் நீ அவர் நடக்கிறாரா என்று கேட்டபோதெல்லாம் நான் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. தினம் அரை மைல் நடக்கிறேன் என்று அவர் உன்னிடம் சொன்னது பொய். அக்டோபரில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்து, நீ இரண்டு வாரம் இருந்து பார்த்துவிட்டுப் போனாயே, அதற்குப் பிறகு பிப்ரவரி வரைக்கும் அவர் நடந்த தூரமெல்லாம் நாற்காலியிலிருந்து தபால் பெட்டி. அதுவும் பக்கத்து வீட்டு பர்விஸ் வெளியே நின்றால் கிடையாது. டாக்டர் ஜனவரியிலேயே நடக்கலாம், படகில் போகலாம், கனமாக எதையும் தூக்க மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இவரோ டிவியில் வானிலை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏரியிலேயே இறங்காதவருக்கு நாளைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தால் என்ன? ஒவ்வொரு புது வருஷத்திலும் கிறிஸ்துமஸ் மரத்தைச் சிமெண்ட் கல்லில் கட்டி ஏரியில் இறக்குவாரே, மீன் அண்டுவதற்கு, இந்த வருஷ மரம் பிப்ரவரி வரை முற்றத்தில் கிடந்து பழுப்பேறியது. பர்விஸ் தன் மினுமினுக்கிற சிவப்புப் படகில் வந்து, நான் இறக்கிவிடட்டுமா, இடத்தை மட்டும் சொல்லுங்கள் என்று நைசாகக் கேட்டுப் பார்த்தான். வேறு வருஷமாக இருந்தால் உன் அப்பா அவனைக் கரையிலிருந்தே விரட்டியிருப்பார். இந்த வருஷம் பேசாமல் உள்ளே போய்விட்டார். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம், ஏன் ஏரிப் பக்கமே போக மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டேன். டிவியை அணைத்தார். அப்புறம், "தண்ணி நடுவுல இருக்கும்போது இது நின்னுபோச்சுன்னா நான் என்ன பண்ணுவேன் வெர்னா" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். முப்பத்தோரு வருஷத்தில் அவர் பயந்து நான் பார்த்ததில்லை. சமாதானம் சொன்னால் ஏறாது என்று தெரியும். மறுநாள் காலையில் நானே அந்தத் தகரப் படகை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சிரிக்காதே. படகுத்துறையில் உட்கார்ந்து வெட்டுக்கிளி கோத்துச் சின்ன மீன் பிடித்ததைத் தவிர உன் அம்மாவுக்கு என்ன தெரியும். சாண்ட்விச், ரேடியோ, தையல் பை எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். படகின் அடியில் தூண்டில் பெட்டியைத் தடாலென்று போட்டேன். போன வருஷ மரம் கிடக்கிற இடத்துக்கு மேலேயே மோட்டாரை ஓட்டிக்கொண்டு போய் நின்றேன். உன் அப்பா அடுக்களை ஜன்னலில் பைனாகுலரோடு நின்றது எனக்குத் தெரியும், வெயிலில் கண்ணாடி பளபளத்தது. திரும்பி வந்ததும் ஒரு பாட்டு. அப்படிப் பெட்டியைப் போட்டால் அந்த ஏரியில் இருக்கிற ஒவ்வொரு பாஸுக்கும் நீ வந்திருப்பது தெரிந்துவிடும், வேண்டுமானால் அழைப்பிதழும் அச்சடித்து அனுப்பு என்றார். இரண்டாம் நாள் வேண்டுமென்றே இன்னும் சத்தம் போட்டேன். மூன்றாம் நாள் தூண்டிலில் மாட்டுகிற ரப்பர் புழுவைக் கம்பளி நூல் சுற்றுகிற வேகத்தில் இழுத்தேன். அவரால் தாங்க முடியவில்லை. படகுத்துறை நுனி வரைக்கும் நடந்து வந்து நின்று, மெதுவாக, மெதுவாக என்று கையை ஆட்டினார். தபால் பெட்டிக்கு நாற்பது அடி, படகுத்துறைக்கு நூற்றிருபது. நான் அடி அளந்து வைத்திருந்தேன். அதிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு தப்பு என்று கணக்காகச் செய்தேன். ஒவ்வொரு தப்புக்கும் அவர் ஒருமுறை வந்து போக வேண்டியிருந்தது. இந்த வருஷ மரத்தையும் அப்படித்தான் இறக்கினோம். கல்லை நான் கட்டினேன், முடிச்சு தப்பு என்று அவர் கரையில் நின்று ஒவ்வொன்றாக அவிழ்க்கச் சொன்னார். ஆனால் படகில் மட்டும் கால் வைக்கவில்லை.

வாயால் திட்டி அலுத்துப்போய் எழுதவும் ஆரம்பித்தார். சர்ச்சில் கொடுக்கிற ஞாயிற்றுக்கிழமைத் தாள் இருக்கிறதே, அதன் பின்பக்கத்தில் எழுதி என் சாப்பாட்டு டப்பாவுக்குள் வைப்பார். கல்யாணத்துக்கு முன்னால்கூட அவர் எனக்கு இவ்வளவு கடிதம் எழுதியதில்லை. பெரிய மீன் சோம்பேறி, சின்னது மாதிரி ஓடி ஓடித் தின்னாது, வாசலில் வந்து விழுந்தால்தான் வாயைத் திறக்கும், ஆகையால் வாசல் எங்கே என்று தெரிந்துகொள் என்று ஒன்று. மரத்தின் மேல் எறியாதே, அதைத் தாண்டி எறிந்து மரத்துக்குள் கொண்டு வா என்று ஒன்று. மெதுவாக இழுக்கிறோம் என்று நினைக்கிறாயே, அதிலும் பாதி வேகத்தில் இழு என்று ஒன்று. தூண்டில் கோலைப் பார்க்காதே, அதன் நரம்பைப் பார், நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தால் அது காற்று இல்லை என்று ஒன்று. குளிர்காற்று அடித்து வானம் நீலமாகத் துடைத்து வைத்தது போல இருந்தால் வீட்டில் இருந்து துணி தை, அது வருவதற்கு முந்தின நாள் மட்டும் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதே என்று ஒன்று. எல்லாவற்றையும் மாவு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. மிஸ் யூலாவை உனக்கு ஞாபகம் இருக்கும். சர்ச்சில் பாடுகிற மிஸ் யூலா இல்லை, அந்தம்மா வாய் திறக்கிற அகலத்தைப் பார்த்து உன் அப்பா பேர் வைத்தாரே, அந்த மீன். வாலின் மேல்நுனியில் கடித்தாற்போல ஒரு வெட்டு இருக்கும். நாலு வருஷத்தில் மூன்று தடவை அவர் தூண்டிலில் மாட்டி மூன்று தடவையும் படகுக்குப் பக்கத்தில் வந்து அறுத்துக்கொண்டு போனது. போன வியாழக்கிழமை பர்விஸ் உன் அப்பாவை முடி வெட்ட டவுனுக்குக் கூட்டிப் போனான். மூன்று நாளாகச் சூடு, தெற்குக் காற்று, மேகம், மறுநாள் குளிர்காற்று வரும் என்று டிவியில் சொல்லியிருந்தார்கள். கரையில் டாக்வுட் மரங்கள் வெள்ளையாகப் பூக்க ஆரம்பித்திருந்தன, அப்போதுதான் பெரிய பெண் மீன்கள் முட்டையிட மேலே வரும் என்று ஒரு தாளில் இருந்தது. ஜன்னலில் ஆள் இல்லை. தப்பு செய்து யாருக்குக் காட்டுவது? அதனால் அன்றைக்கு எல்லாவற்றையும் அவர் எழுதியபடியே செய்தேன். மோட்டாரைத் தூரத்திலேயே நிறுத்தித் துடுப்பால் போனேன். ஊதா நிறப் புழுவை மரத்தைத் தாண்டி எறிந்தேன். மூழ்கவிட்டேன். துணியில் ஊசி குத்துகிற நிதானத்தில் இழுத்தேன். நரம்பு சும்மா இடது பக்கம் நடந்து போனது கொரீன், ஆள் நடப்பது போல. நான் உடனே இழுக்கவில்லை, நரம்பு விறைக்கும்வரை பொறுத்து அப்புறம்தான் கோலைத் தூக்கினேன்.

எவ்வளவு நேரம் போராடினேன் என்று தெரியாது. கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்கி மடியில் வைத்தபோது வாலைப் பார்த்தேன், அந்த வெட்டு இருந்தது. நீ கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய பாட்டரித் தராசில் நிறுத்தேன். பதினோரு பவுண்டு, இரண்டு அவுன்ஸ். கொட்டகைக் கதவில் நம் குடும்பத்துப் பெரிய மீன்களையெல்லாம் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாரே, அதில் அவருடையதே ஒன்பதேகாலுக்கு மேலே இல்லை. நான் படகிலேயே உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்திலா பயத்திலா தெரியவில்லை. இதை வீட்டுக்குக் கொண்டு போனால் அவர் என்னைக் கட்டிப்பிடித்துப் பாராட்டுவார், பொறாமையே படமாட்டார், எனக்குத் தெரியும். பாராட்டிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவார். அந்த ஏரியில் அவருக்கு மிச்சம் இருந்தது அந்த ஒன்றுதான். ஈரக் கையால் வயிற்றைத் தாங்கித் தண்ணீரில் பிடித்துக்கொண்டிருந்தேன், மூச்சு சீரானதும் விட்டேன், போய்விட்டது. சாயங்காலம் ஏதாவது கிடைத்ததா என்று கேட்டார். முடி வெட்டியது நன்றாக இருக்கிறது என்றேன். ஆக, உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். நீ வாய் தவறினால் உன் பாடு.

சனிக்கிழமை. தபால்தலை இல்லாததால் இந்தக் கடிதம் போகவில்லை, நல்லதாகப் போயிற்று. நேற்றுக் காலை நான் கிளம்பும்போது உன் அப்பா பூட்ஸ் போட்டுக்கொண்டு படகுத்துறையில் நின்றார். உன் எறிதலைக் கரையிலிருந்து பார்த்துப் பார்த்து இன்னொரு ஆபரேஷன் வந்துவிடும் போலிருக்கிறது, நகர்ந்து உட்கார் என்றார். நான் நகர்ந்து உட்கார்ந்தேன். முதல் கால் மணி நேரம் படகின் ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் கோலைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் விட்டுவிட்டார். பத்து மணிக்கு ஒரு நாலு பவுண்டு மீன் மாட்டியது. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். தராசை எடுத்துப் பொத்தானை அழுத்தினார். அழுத்திவிட்டு அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், வெளிச்சத்தில் எண் தெரியவில்லை போலும் என்று நினைத்தேன். பிறகு மீனை நிறுத்தார், நாலேகால் என்றார், விட்டார். வீட்டுக்கு வரும்வரை தராசை மடியிலேயே வைத்திருந்தார். களைப்பு என்று நான் கார்ன்பிரெட்டில் கொஞ்சம் அதிகமாகவே வெண்ணெய் தடவிக் கொடுத்தேன், டாக்டரிடம் சொல்லாதே.

இன்று காலை கோழித் தீவனம் எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். கதவில் அவருடைய ஒன்பதேகாலுக்கு மேலே, கையெட்டுகிற உயரத்தில், புதிதாகப் பென்சில் எழுத்து. "வெர்னா. பதினோரு பவுண்டு, இரண்டு அவுன்ஸ். தேதி: அவளே எழுதட்டும்." பக்கத்து ஆணியில் பென்சிலையும் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தார். நீ அனுப்பிய தராசு கடைசியாக நிறுத்த எடையை ஞாபகம் வைத்திருக்குமாம் மகளே, பொத்தானை அழுத்தினால் காட்டுமாம். இதை நீ எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கக்கூடாதா? கோழிகளுக்குத் தீவனத்தைக் கொட்டிவிட்டுத் திரும்பி வந்து பென்சிலை எடுத்தேன். பிறகு மார்ச் 12 என்று எழுதினேன். கீழே சின்னதாக மிஸ் யூலா என்றும் எழுதினேன்.

உள்ளே வந்தால் டிவி ஓடுகிறது, அவர் அதைப் பார்க்கவில்லை. காபியை வைத்தேன். "விட்டுட்டியா?" என்றார். விட்டுவிட்டேன் என்றேன். தலையை ஆட்டினார். ஏன் விட்டேன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. நாற்காலி நுனிக்கு நகர்ந்து வந்து, "எந்தப் பக்கமா போனா?" என்றார். படகில் வந்து உட்காருங்கள், காட்டுகிறேன் என்றேன். நான் இதை முடிப்பதற்குள் இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டார், அந்தத் தகரப் படகில் ஹார்ன் இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

கழுத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, நேரத்துக்குச் சாப்பிடு, அந்தப் பையனை இலையுதிர்காலத்திலாவது கூட்டிக்கொண்டு வா, பஸ் ஸ்டாப் விஷயத்தைப் பற்றி அவனிடம் சொல்ல வேண்டாம். ஆண்டவர் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும், உன் அப்பாவுக்கும் எனக்கும் இருக்கிற ஆயுசில் உனக்கு வேண்டியதை அவர் எடுத்துக் கொடுக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. அடுத்த தடவை நீ போன் செய்யும்போது அடுக்களைப் போனில் மூச்சுச் சத்தம் கேட்காது, அவரே பேசுவார். என் மீனைப் பற்றித்தான் முதலில் சொல்வார். அதைப் பன்னிரண்டு பவுண்டு என்பார். நீ திருத்தாதே.

பதினோரு பவுண்டோடு திருப்தியாக இருக்கிற
உன் அம்மா,
வெர்னா