வில்வ இலையில் இருந்த கூடு

1958, கார்த்திகை இரண்டாம் சோமவாரம். இலஞ்சி.

காலையில் கொல்லை வில்வத்தில் இலை பறித்துக் குற்றாலம் கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். வந்தால், மாப்பிள்ளை மரத்தடியில் முகம் வெளுத்து நிற்கிறார்.

"அத்தை, இங்கன ஒரு எலையில நூல் கட்டி வச்சிருந்தேனே, பாத்தீயளா?"

நான் எங்கே பார்த்தேன்! காலேஜில் பூச்சிப் பாடம் நடத்துகிறவர் அவர். போன வருஷம் அருவிக்கு மேலே ஒரு பட்டாம்பூச்சி பிடித்தார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத புது ஜாதியாம். ஒன்றை வைத்து ஒப்புக்கொள்ள முடியாது, இன்னொன்று வேண்டும் என்று பம்பாயில் பூச்சி ஆராய்கிறவர்கள் எழுதிவிட்டார்கள். அந்த இன்னொன்றின் கூடுதான் நூல் கட்டிய இலையில் இருந்ததாம்.

அடுத்த பஸ்ஸில் கோயிலுக்கு ஓடினேன். பட்டர் என்னைக் கண்டதுமே ஆரம்பித்தார்.

"ஏன் ஆச்சி, சாமிக்குப் புழுக்கூடா கொண்டாருதீய? பூச்சி அரிச்ச எலைய எல்லாம் கழிச்சுப் போட்டேன். அந்தா, தூண்கிட்ட கெடக்கு."

மற்ற நாளென்றால் என் இலையைக் கழித்ததற்குச் சண்டை பிடித்திருப்பேன். இன்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். கூடு நசுங்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். மாப்பிள்ளை என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "உசிரு இருக்கு அத்தை, அசையுது!" என்று சிரித்தார். என் வாய் சும்மா இருக்குமா?

"வெளிய வந்தா என்ன செய்வீய மாப்பிள?"

"மருந்து புட்டியில போட்டு உசிர அடக்கி, பம்பாய்க்கு அனுப்பணும்."

குற்றாலநாதா, அவர் பட்ட பாட்டை வீணாக்காமல் காப்பாற்றினாய். உனக்குக் கோடி நமஸ்காரம். கூடு நல்லபடியாக விரியட்டும் என்றும் வேண்ட வாயெடுத்தேன். யாருக்கு நல்லபடி என்று சொல்லத் தெரியாமல், வீட்டுச் சாமி படத்தின் முன் வெறுமனே கும்பிட்டுவிட்டு வந்தேன்.