ஒரு சிட்டிகை இலை

ஜூன் 4

தேன்காரிக்கு,

நலம். கடை ஓடுகிறது. போன வருஷம் நீ கிளம்புமுன் வீட்டுக்குப் பின்னால் எதையோ தூவினாயே, அது வெறும் தழையாகவே நின்றது. களை என்று பிடுங்கப் போய், சோம்பலில் விட்டுவிட்டேன். இப்போது இடுப்பளவு வளர்ந்து மஞ்சளாகப் பூத்திருக்கிறது. ஒரு கொத்தைக் காகிதத்தில் மடித்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மாடிவீட்டு அக்கா மாட்டுத் தீவனம், குதிரைமசால் என்கிறார். என்ன செடி இது? எப்போது வருவதாக உத்தேசம்?

இப்படிக்கு,
தையற்கடை

ஜூன் 15

தையற்கடைக்காரருக்கு வணக்கம்.

நானும் தேனீப்பெட்டிகளும் சௌக்கியம். அக்காவுக்குப் பாதி மார்க். குதிரைமசாலுக்கு இலை நுனியில்தான் பல் இருக்கும். இதற்கு ஓரம் முழுக்க. இது ஸ்வீட் குளோவர், அதுவும் தீவனச் செடிதான், தேனீக்கு உயிர். முதல் வருஷம் இலை, மறுவருஷம் பூ, அதோடு ஆயுள் முடிந்தது. விதைத்தோல் கெட்டி; உப்புத்தாளில் தேய்த்துத்தான் தூவினேன்.

இலையையும் பூவையும் நிழலில் உலர்த்துங்கள். புது வைக்கோல் வாசம் வரும். தேநீரில் ஒரு சிட்டிகை போதும். பூசணம் பிடித்தால் மாட்டுக்குக்கூடப் போடக் கூடாது, உள்ளுக்குள் ரத்தம் கசிந்தே செத்துப்போகும். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நல்ல இலையைக்கூட வாயில் வைக்கக் கூடாது.

வருவது பற்றி. முப்பது வருஷம் உங்கள் வாயைக் கிளறிக் கிளறி நான் ஓய்ந்துவிட்டேன். நான் கேட்காமல், நீங்களாக ஒரு விஷயம் சொல்லுங்கள். வருகிறேன்.

தேன்காரி

ஜூலை 2

தேன்காரிக்கு,

நலம். இலை நன்றாக உலர்ந்தது. தேநீரில் போடவில்லை, துணி அலமாரியில் வைத்துவிட்டேன். வாசத்துக்கு அக்கா தினமும் எட்டிப் பார்க்கிறார்.

நானாகச் சொல்ல ஒரு விஷயம்: இப்போதெல்லாம் ஊசி குத்தாமலிருக்க விரலுறை மாட்டிக்கொண்டுதான் தைக்கிறேன்.

தையற்கடை

ஜூலை 11

வணக்கம்.

ஒரு நாளைக்கு ஆறு தேநீர் குடிக்கிற மனுஷர் ஒரு சிட்டிகை போட்டுப் பார்க்கவில்லை. "விரலுறையெல்லாம் கத்துக்குட்டிக்கு, எனக்கெதுக்கு?" என்று குத்துப்பட்ட விரலைச் சப்பிக்கொண்டே தைத்தவர், இப்போது அதை மாட்டுகிறார். எனக்குக் கூட்டிப் பார்க்கத் தெரியும். தூக்கம் போய்விட்டது. இருந்தும் கேட்க மாட்டேன்.

தேன்காரி

ஆகஸ்ட் 9

தேன்காரிக்கு,

நலம் என்று எழுதி அடித்துவிட்டேன்.

ஜனவரியில் நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்தார்கள். நீ எழுதிய அந்த ரத்தம் இளக்கும் மாத்திரை ஆயுள் முழுக்க. அக்காவின் மகன்தான் கையெழுத்துப் போட்டான். மனைவி எங்கே என்று நர்ஸ் கேட்டாள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

வீட்டுக்கு வந்த அன்று படுத்தால் டிக் டிக் என்று சத்தம். சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி வெளியே வைத்தேன். நிற்கவில்லை. என் நெஞ்சுக்குள்ளிருந்துதான் வருகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அக்காவிடம்கூட இதைச் சொல்லவில்லை.

செடி காய்ந்துவிட்டது. விதையைச் சேர்த்து ஒரு உறையில் போட்டு, உப்புத்தாளும் வாங்கி வைத்திருக்கிறேன். எவ்வளவு தேய்க்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

தையற்கடை