தகட்டில் எழுதிய எண்

மார்ச் 3, 2025
சாத்தாங்காடு இரும்புக் கடையில் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். இன்றும் யாருடனும் பேசாமலே பொழுது போனது. மதார் சாகிப்தான், "இன்னா பாப்பா, வாய வூட்லயே வச்சிட்டு வந்துட்டியா?" என்றார். இரும்புத் தகடுகளில் பெயின்ட்டால் எண் எழுதுகிறவர். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. நான் சீட்டில் எழுதித் தருவதைப் படம் வரைவதுபோலப் பார்த்துப் பார்த்து எழுதுவார். ஒரு கோடு பிசகாது.

மார்ச் 6
எர்ணாவூரில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், கால்வாய்மேல் நடைப்பாலம் வருகிறது. தகடு எங்கள் கடையிலிருந்துதான். அம்மா பக்கத்து வீடெல்லாம் சொல்லிவிட்டாள்: "எம்பொண்ணு கடை இரும்பு மேலதான் எல்லாரும் நடக்கப் போறீங்க!"

மார்ச் 11
அரசாங்கப் பணத்தில் நடக்கிற வேலை. இந்தியாவில் செய்த இரும்புதான் போட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. முதலாளி முப்பிடாதி அண்ணாச்சிக்கு நானே படித்துச் சொன்னேன். யார்டில் கிடப்பதோ கப்பலில் வந்த வெளிநாட்டுத் தகடு.

"இரும்புல என்னம்மா இந்த ஊரு, அந்த ஊரு? ரெண்டும் துருப்பிடிக்கத்தான் செய்யும். நம்ம ஊரு ஆலை பழைய சர்டிபிகேட் ஃபைல்ல கெடக்கும்லா, அதுல உள்ள நம்பர எழுதிக் குடு."

ஒவ்வொரு முறை உருக்கும்போதும் ஆலை ஓர் எண் போடும். எங்கே பிறந்த இரும்பு என்பதற்கு அதுதான் சாட்சி. மாட்டேன் என்று ஒரு வார்த்தை — வரவில்லை. பயமா? எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

தகட்டிலிருந்த எண்ணைக் கிரைண்டரால் தேய்த்து அழித்தார்கள். என் சீட்டைப் பார்த்து மதார் சாகிப் புது எண் எழுதினார். உள்நாட்டுத் தயாரிப்பு என்ற உறுதிமொழியையும் நான்தான் டைப் அடித்தேன்.

மார்ச் 12
மத்தியானச் சோற்றை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

மார்ச் 20
தகடு பார்க்கப் பாலத்து வேலை இன்ஜினியர் யார்டுக்கு வந்தார். அந்த எண்ணில் வந்த தகடு மொத்தமும் போன வருடமே அவருடைய வேறொரு வேலையில் போட்டு முடித்தாயிற்றாம்.

அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. "படிக்காத ஆளு சார், ஏதோ பழைய நம்பர எழுதிப்புட்டான்." மதார் சாகிபிடம் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

நான் மூன்றடி தள்ளி நின்றேன். வாய் திறக்கவில்லை. மதார் சாகிப் சட்டைப் பையில் என் சீட்டு மடித்து இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. போகும்போது என் மேசையில் வைத்தார்.

"உன் சீட்டு பாப்பா. பத்திரமா வை. யாராச்சும் பாத்தா உனக்குத்தான் பேஜாரு."

சீ. எங்க வூட்ல மொத டிகிரி நான். படிச்சு இன்னாத்துக்கு?

மார்ச் 24
சீட்டையும் கப்பல் சரக்கின் பில் நகலையும் எடுத்துக்கொண்டு இன்ஜினியர் ஆபீசுக்குப் போனேன். இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பினேன். பேச்சு வராது என்று தெரியும். எழுதியே கொண்டுபோயிருந்தேன்.
"இது உங்க கையெழுத்தா?"
"ஆமா சார்."

மார்ச் 26
வேலை போயிற்று. தகடு வேண்டாம் என்றுவிட்டார்கள். அண்ணாச்சி போனில், "ஒன்ன எம்மவ மாதிரில்லா நெனச்சேன்" என்றார். அது பொய்யில்லை. அனுபவம் கேட்காமல் வேலை கொடுத்தவர்.

பாலம் தள்ளிப்போகிறது. என்னால்தான் என்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா துணியெல்லாம் மடித்து முடித்தாள். பிறகு, "இவ்ளோ நாளு சுத்திக்கினுதானே போறோம்" என்றாள். பக்கத்து வீடுகளுக்கு என்ன சொல்வாள்?

ஏப்ரல் 9
மதார் சாகிப் வேறு யார்டில் சேர்ந்துவிட்டார். காலையில் வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பிவிட்டு போன் செய்தார். ஒன்றில் தகட்டில் ஆலை போட்ட எண், ஒன்றில் அவருக்கு அங்கே எழுதித் தந்த சீட்டு.

"ரெண்டுலயும் ஒரே நம்பர்தானா, பாத்து சொல்லு பாப்பா. அப்பால எழுதறேன்."

ஒவ்வோர் எழுத்தாக மூன்று முறை பார்த்தேன். "ஒண்ணுதான், எழுதுங்க."

அன்றைக்கு நான் பேசாமல் நின்றதை — சொல்ல ஆரம்பித்தேன். பெயின்ட் காயுது என்று போனை வைத்துவிட்டார்.