ஓசோன் தெரிந்தது, உன் காற்று தெரியவில்லை

என் ஆசை அண்ணனுக்கு,

பம்பாயிலிருந்து லீவில் வந்திருக்கிறேன். உன் கட்டிலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஊரே படிக்கட்டும். நீ படிக்க முடியாது என்பதற்காக உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியுமா?

நீ போன பிறகு எனக்கு ஒரே காற்றுப் பைத்தியம்தான். நான் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் வானத்தை அடுக்கடுக்காகப் பிரித்து, நாளைய காற்றைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறோம். கரையில் பலூன் விடுவதால் கரைக்கு மேல் உள்ள காற்று ஓரளவு தெரியும். நடுக்கடலில் யார் பலூன் விடுவது? நிலாவுக்கே ஆள் போய்த் திரும்பிவிட்டான், இங்கிருந்து கொழும்பு வரைக்கும் எங்கள் வரைபடம் வெறும் தாள்தான்.

அந்த வெறும் தாளை நம்பித்தான் அன்றைக்குத் துறைமுகத்தில், இனி ஆபத்தில்லை என்று புயல் எச்சரிக்கைக் கூண்டை இறக்கினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, வேறு தகவல் யாரிடமும் இல்லை. கூண்டு இறங்கியதும் தோணிக்காரர்கள் வழக்கமாகச் செய்வதைத்தான் நீயும் செய்தாய். வெங்காய மூட்டைகளோடு கொழும்புக்குப் பாய் ஏற்றினாய். தோணியை நடத்தும் தண்டல் நீயே கிளம்பியதால் ஆட்களும் மறுபேச்சில்லாமல் ஏறினார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

அப்புறம்தான் அமெரிக்கச் செயற்கைக்கோள் அளந்த ஓசோன் கணக்கு காந்த நாடாச் சுருள்களில் எங்களுக்கு வந்தது. ஓசோன் மிக உயரத்தில் நின்று வெயிலின் கடுமையைத் தடுக்கிற வாயு. அங்கே அடிக்கிற காற்று தள்ளுகிற பக்கம் அதுவும் போகும். அதனால் ஓசோன் இருக்கும் இடம் தெரிந்தால் உயரக் காற்றின் போக்கும் தெரியும். செயற்கைக்கோளுக்குக் கரை என்ன, கடல் என்ன? அண்ணே, சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்தேனா? இனிமேல் காற்று நமக்குத் தெரியாமல் வராது என்று மதினிக்கு எழுதிப் போட்டேன். மதினி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் தம்பி சூசையைப் புதுத் தோணி ஒன்றுக்குக் கூப்பிட்டபோது, “ஏலே, அவ மெஷினு சொல்லட்டும், பொறவு போ” என்று நிறுத்திவிட்டார்கள். கடலுக்குப் போக வேண்டிய பிள்ளை கரையில் உப்பு மூட்டை தூக்கினான்.

நீ போன அந்த நாளின் கணக்கை எடுத்துக் கம்ப்யூட்டரில் ஓட்டினேன். துளைபோட்ட அட்டைகளைக் கட்டுக்கட்டாகக் கொடுத்து, ஓசோன் இல்லாமல் ஒரு தடவை, ஓசோனைச் சேர்த்து ஒரு தடவை. மேல் அடுக்குகள் அருமையாகத் திருந்தின. கரையில் விட்ட பலூன்கள் சொன்னதோடு அப்படியே பொருந்தின. பேராசிரியர் எல்லார் முன்னாலும் பாராட்டினார்.

நான் கடலை ஒட்டிய அடி அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னார் வளைகுடாவில் முன்பு காட்டிய அதே லேசான வாடைக்காற்று. உயரத்துக் கதையை மட்டுந்தான் ஓசோன் சொன்னது. உன் பாய்மரத்தை முறித்த காற்று அந்தத் தாளில் எங்குமே இல்லை, அண்ணே. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இதை மதினிக்கு எழுத மனசு வராமல் நேரில் சொல்லத்தான் வந்தேன். மதினி சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்.

“அப்போ அன்னைக்கே இந்த ஓசோன் கணக்கெல்லாம் இருந்திருந்தா, கூண்ட எறக்காம இருந்திருப்பாகளா?”

“எறக்கியிருப்பாக, மதினி.”

அவர்கள் அழவில்லை. மீனைக் கழுவி மூடி வைத்தார்கள். “ஏளா, சூசைய வரச்சொல்லு. இனிமே அவன எதச் சொல்லி நிறுத்துவேன்?” என்றார்கள்.

நாளைக் காலையில் சூசை பாய் ஏற்றுகிறான். துறைமுகத்தில் கூண்டு ஏறவில்லை. முன்பெல்லாம் கூண்டைப் பார்த்தால் பயம், இப்போது வெறும் கம்பத்தைப் பார்த்தால்தான் பயம். ஓடிப்போய் அவனை மறிக்கவா? மறித்து, எனக்கு என்ன தெரியும் என்று சொல்ல?

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். அடிக்காற்றைப் பிடிக்க வேறு என்ன அளவு கிடைத்தாலும் அதைச் சேர்த்து, திரும்பத் திரும்ப உன் நாளைத்தான் ஓட்டுவேன். என் தாளில் அன்றைக்குக் கூண்டு இறங்காமல் நிற்கிற வரைக்கும் விடமாட்டேன். அப்போதும் நீ வரமாட்டாய், தெரியும். சூசை திரும்பி வரட்டும், அண்ணே.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
லூர்து