கையால் மறைத்த முகம்

என் அன்பான இஞ்சாருங்கோவுக்கு,

உங்கள் பெயரைச் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. நீங்கள் போய் ஒரு வருடமாகியும் வாய் வரவில்லை. அதனால் இப்படியே எழுதுகிறேன்.

நம் மகள் நிரோஜா என்னை நாம் புலம்பெயர்ந்து வந்த லாசால் வீட்டிலிருந்து கிளப்பி, திபெத்தியர்களின் மலையூர் ஒன்றுக்குக் கூட்டிப்போனாள். மெட்ரோப் படி ஏறவே மூச்சு வாங்குகிறவளை அவ்வளவு உயரத்துக்கு. நம்புவீர்களா? ஊர் என்றால் ஒரே தெரு. அதன் முடிவில் மடாலயம், பின்னால் மொட்டை மலை. தேநீர் என்று உப்பும் வெண்ணெயும் போட்டுத் தந்தார்கள். நீங்கள் என்றால் ஒரு மிடறிலேயே கோப்பையை என் பக்கம் தள்ளியிருப்பீர்கள்.

மடாலயத்தைச் சுற்றி வரிசையாகப் பிரார்த்தனை உருளைகள். சனங்கள் அவற்றைக் கையால் சுழற்றியபடி வலம் வந்தார்கள். கோயில் வீதி சுற்றுகிற பழக்கத்தில் நானும் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

"அம்மா, வெளியில கழட்டத் தேவையில்லை. கால் விறைக்கப்போகுது," என்று மகள் சிரித்தாள். அதுவரைக்கும் நல்ல நாள்தான்.

மதிலோரம் ஒரு கிழவர் இளைப்பாறிக்கொண்டிருந்தார். வெயில் விழுந்த அந்த முகம் அவ்வளவு அழகாக இருந்தது. படம் எடுக்கப் போனைத் தூக்கினேன். அவர் கையைத் தூக்கி முகத்தை மறைத்தார். அந்தக் கையைக் கண்டேன். கண்ட பிறகும் அழுத்தினேன்.

அவர் மதில் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவர் வேண்டாமெண்டு காட்டினவரெல்லோ, அம்மா. அழியுங்கோ."

"ஓம் பிள்ளை, அழிச்சிட்டன்," என்றேன். அழிக்கவில்லை.

போர் முடிந்தபின் நாம் ஊருக்குப் போனதை நினைத்துப் பாருங்கள். கூரையில்லாத நம் வீட்டு வாசலில் நின்றீர்கள். இடிபாடு பார்க்க வந்த பஸ் ஒன்று நின்றது. ஒரு பெண் இறங்கிக் கமராவைத் தூக்கினாள். நீங்கள் கையால் முகத்தை மறைத்தீர்கள். அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"வீடுதான் போச்சு. இப்ப என்ர முகத்தையும் கொண்டுபோயிட்டினம்," என்றீர்கள்.

அதன் பிறகு எந்தக் கமராவுக்கு முன்னாலும் நீங்கள் நிற்கவில்லை. மகளின் பட்டமளிப்பில்கூடப் படம் எடுப்பவராகவே நின்றுகொண்டீர்கள். கடைசியில் உங்கள் செத்தவீட்டுக்கு லைசென்ஸ் அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கினோம். இத்தனையையும் கூடவே இருந்து பார்த்தவள் நான். எனக்கு எப்படி அழுத்த விரல் போனது?

போன கிழமை செயின்ட்-மிஷேலிலிருந்து என் சிநேகிதி பவளமக்கா வந்தார். பயணப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தவர் அந்தக் கிழவரில் நின்றுவிட்டார்.

"இதென்ன வடிவான படம். பெருப்பிச்சு, உம்மட மனிசன்ர படத்துக்குப் பக்கத்தில மாட்டுமன்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையில் புளுகம் வந்தது. இடம் பார்க்கச் சுவர்ப் பக்கம் திரும்பினேன். அங்கே லைசென்ஸ் படத்தில் நீங்கள். தேத்தண்ணி போடப் போகிறவள் போலக் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன்.

அழிப்பது ஒரு விரல் வேலை. ஆனால் ஒவ்வொரு முறையும் உங்களை எடுத்த அந்தப் பெண்தான் ஞாபகத்துக்கு வருகிறாள். அவள் அழித்திருப்பாளா? அழித்திருக்கக் கூடாது என்று மனம் வேண்டிக்கொள்கிறது. நம் வீட்டு வாசலில் நீங்கள் நிற்கும் ஒரே படம் அது. நீங்கள் வெறுத்த படத்துக்கு நான் ஆசைப்படுகிறேன். கிழவருக்குச் செய்ததைவிட இதுதான் எனக்குப் பெரிய வெட்கம்.

ஞாயிற்றுக்கிழமை நிரோஜா பியர்பொன்ட்ஸிலிருந்து சாப்பிட வருவாள். பொய் சொன்னேன் என்று சொல்லி, அவள் கண் முன்னால் அந்தப் படத்தை அழிப்பேன். அந்த முகம் அந்த மனிதரிடமே இருக்கட்டும். உங்கள் முகத்துக்கு என் கண் போதும் என்று பழகிக்கொள்வேன்.

இஞ்சாருங்கோ என்று கூப்பிட ஆளில்லாத,
உங்கள் மனிசி