ஃப்ரிட்ஜில் ஒட்டிய பத்துப் பழக்கங்கள்

மார்ச் 3, திங்கள்
மாப்பிள்ளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் தாளை இன்று முழுதாகப் படித்துவிட்டேன்! ஒரு வருஷமாக அதை ஏதோ பெரிய சமாச்சாரம் என்று பயபக்தியோடு பார்த்துவந்தேன். 'நல்வாழ்வுக்குப் பத்துப் பழக்கங்கள்.' சீக்கிரம் எழு. தண்ணீர் குடி. நட. மென்று தின்.

இதை எழுதி வேறு ஒட்டணுமா?

ஒன்பதாவது: 'வெற்றி பெற்றவனைப் போலப் புன்னகை செய்.' கண்ணாடி முன் செய்து பார்த்தேன். பல்செட் கழன்று விழுந்தது.

கிடங்கில் நாற்பது வருஷம் மூட்டை தூக்கினேன். அதற்கு உடற்பயிற்சி என்று பெயர் என்பது முதலாளிக்குத் தெரியாமல் போனது நல்லது. கூலியைக் குறைத்திருப்பார்.

மார்ச் 4
தினமும் எழுதணும் என்றார் டீச்சரம்மா. எழுதிவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்
"எங்கப்பா இந்த வயசுலயும் தினம் ஒரு மணி நேரம் வாக்கிங்" என்று மகள் பக்கத்து வீட்டில் பெருமை அடிக்கிறாள். இரண்டு தெரு தள்ளி, நூலகத்துப் பின்னறையில், முதியோர் கல்வி வகுப்பு பெஞ்சில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. நன்றாக எழுத வரட்டும், சொல்லிக்கொள்ளலாம். இப்போதே தெரிந்தால் மாப்பிள்ளை அதற்கும் ஒரு பட்டியல் ஒட்டுவார். ஆபீஸில் ஆரோக்கியக் குழுத் தலைவராச்சே! அடியை எண்ணும் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, சோபாவில் உட்கார்ந்தபடி கையை மட்டும் ஆட்டுகிறார். என் கண்ணால் பார்த்தேன்.

சாயங்காலம் ஒரு உறையைக் கொடுத்தார். "மாமா, ஆபீஸ் காகிதம். உங்க பெட்டில போட்டு வைங்க. அவகிட்ட சொல்லாதீங்க."

இந்த வீட்டில் மறைக்க வேண்டியதெல்லாம் என் தகரப் பெட்டிக்குத்தான் வரும். மகளும் புடவைக் கடை ரசீதை அதில்தான் போடுவாள். எழுத்து தெரியாதவன் பெட்டி, பூட்டே வேண்டாம்.

மார்ச் 7, வெள்ளி
வாசித்துப் பழகத்தான் உறையைப் பிரித்தேன். ஆபீஸ் காகிதம் இல்லை. ஆஸ்பத்திரிக் கடிதம், நல்லவேளை தமிழில். பாதியில் கண் வலித்துவிட்டது. 'இதயம்' என்று ஒரு சொல்.

மார்ச் 8, சனி
முடித்தேன். தப்பாப் படிச்சிட்டேனோன்னு மூணு தடவை படிச்சேன். ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம், ஏழு நாட்களுக்குள் வரவும். மேலே தேதி — எட்டு நாள் ஆச்சு!

அட மடப்பயலே. ஊருக்குப் பத்துப் பழக்கம் சொல்றவனுக்குப் பொண்டாட்டிகிட்ட ஒரு உண்மை சொல்ல வரல.

நான் சொன்னா என் குட்டும் உடையும். இன்னும் கொஞ்ச நாள்... சீ, இதுல யோசிக்க என்ன இருக்கு?

மார்ச் 9, ஞாயிறு
காலைச் சாப்பாட்டின்போது கடிதத்தை எடுத்து வாசித்தேன். எழுத்துக் கூட்டித்தான். மாப்பிள்ளை கையிலிருந்த கவளம் வாய்க்குப் போகவில்லை.

"மாமா... உங்களுக்கு எப்ப படிக்க—"

"குறுக்கே பேசாதீங்க. எங்க விட்டேன்னு மறந்துடும்."

முடித்ததும் வகுப்பு விஷயத்தையும் சொன்னேன். மகள் அழுதாள். பிறகு இரண்டு பேரையும் ஒரே மூச்சில் பிடித்தாள். "ஏங்க மறைச்சீங்க? அப்பா, அப்போ நீங்க வாக்கிங்கே போகலையா?"

"குழுத் தலைவனுக்கே இப்படியான்னு சிரிப்பாங்க" என்று மாப்பிள்ளை முனகினார். சிரிக்கட்டுமே. சிரிப்பு உடம்புக்கு நல்லதாம். ஏழாவது பழக்கம்.

மார்ச் 11
அடைப்பு நிஜம்தான். நாளைக்கு சிகிச்சை. சாட்சிக் கையெழுத்துக்கு நர்ஸ் பொண்ணு என் முகத்தைப் பார்த்துவிட்டு மைப்பெட்டியைத் திறந்தது. "பேனா கொடும்மா" என்றேன். என் பெயர் கோட்டைத் தாண்டிப் போயிற்று. போகட்டும்.

மார்ச் 12
பிழைத்தார்.

ஏப்ரல் 2, புதன்
மெதுவாக நடக்கச் சொன்னார் டாக்டர். மாப்பிள்ளை வகுப்பு வரை என்னோடு வருகிறார். கடிகாரம் இல்லை. இரண்டு தெருவுக்கு நாலு இடத்தில் நிற்கிறார்.

"மாமா, கொஞ்சம் இருங்க."

"ஒன்பதாவதைச் செய்யுங்க மாப்பிள்ளை."

மூச்சு வாங்கிக்கொண்டே செய்தார். சகிக்கவில்லை. வகுப்பு முடியும்வரை பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து பார்த்தேன். இப்போதெல்லாம் அதில் யாரும் எதுவும் வைப்பதில்லை. இந்த நோட்டை வைத்தேன்.