வண்டுவும் என் தையல் கடையும்

ஜூன் 3

தம்பி குடும்பத்தோடு மாடிக்கு வந்துவிட்டான். அவன் பேருந்து ஓட்டுகிறான். பணிமனை இங்கிருந்து பக்கம். மாடியும் சும்மாதான் கிடக்கிறது. வாடா என்று நான்தான் கூப்பிட்டேன். தம்பி, மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவன் மனைவி, ஆறு வயது மகள். மகளை வீட்டில் வண்டு என்று கூப்பிடுகிறார்கள். எந்நேரமும் உதட்டை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். முதலில் என் ஓவர்லாக் மெஷினில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து எண்ணெய் விட்டேன்.

வண்டு என்னைப் பார்க்கவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தாள். அத்தைக்கு ஒரு வணக்கம் சொல்லு என்றேன். "அத்தைக்கு ஒரு வணக்கம்" என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போய்விட்டாள்.

வளர்ப்பு சரியில்லை. தம்பி மனைவி ரொம்ப இடம் கொடுக்கிறாள். ஒரு மாதம் என் கையில் விட்டால் போதும்.

ஜூன் 8

வண்டுவுக்கு ஒரு கவுன் தைத்தேன். ரோஜா நிறம், அடுக்கடுக்காக வலைத்துணி, கழுத்தைச் சுற்றி மினுமினுப்பு வைத்த பட்டி. இப்படி ஒன்று கடையில் வாங்கப் போனால் சொத்தை எழுதிக் கேட்பார்கள். மாட்டிவிட்டேன். எவ்வளவு அழகா இருக்கு பாரு என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கழற்றிக் கீழே போட்டுவிட்டாள். அளவு கொடுக்க வந்திருந்த ஒரு அம்மாள் பார்த்துக்கொண்டே நிற்கிறார்.

"இது கடிக்குது."

என் கடையில் காஜா எடுத்து பட்டன் தைக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்குப் பெயரே பட்டன்தான். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் ஊசியைத் துணிக்குப் பதில் விரலில் குத்திக்கொண்டாள். நல்லா வேணும்.

என் துணி கடிக்குதாம். நான் துணி தைக்கிறேனா, நாய் வளர்க்கிறேனா?

ஜூன் 9

கவுனை உள்ளும் புறமும் தடவிப் பார்த்தேன். கடிக்கவில்லை.

ஜூன் 17

மானம் கப்பலேறிவிட்டது.

நூல் வாங்கப் போகும்போது வண்டுவையும் கூட்டிப்போனேன். நல்லாத்தான் வந்தாள். நூல்கண்டுகளை நிற வரிசைப்படி பார்த்து ரீங்கரித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் துணி வெட்டும் மெஷினைப் போட்டார். மேலே ஒரு குழல்விளக்கு வேறு விட்டு விட்டு எரிந்தது. அவ்வளவுதான், காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து ஒரே அலறல். கொஞ்சினேன், திட்டினேன், மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்றேன். எதுவும் காதில் ஏறவில்லை. மெஷின் நின்ற பிறகுதான் அடங்கினாள். கடையில் இருந்த அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம். வழக்கமாக எல்லாரும் பிள்ளைகளிடம் சொல்வதைத்தான் சொன்னேன்: "நான் போறேன். நீ இங்கேயே இரு." தெருமுனை வரை நடந்தேன். ஓடி வருவாள் என்று பார்த்தால் ஆளைக் காணோம். திரும்பி ஓடினேன். விட்ட இடத்தில் அப்படியே நிற்கிறாள்.

ஏன் பின்னாடியே வரலை என்று கேட்டேன்.

"நீங்க இங்கேயே இருன்னு சொன்னீங்க."

வீடு வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஜூன் 21

வாடிக்கையாளர் இருக்கும்போது வண்டு குறுக்கே பேசினாள். "கொஞ்சம் வாயை வச்சுக்கிட்டு சும்மா இரேன்" என்றேன்.

"வாயை எங்க வைக்கணும்?"

குறும்பு இல்லை. முகத்தைப் பார்த்தேன், உண்மையாகவே கேட்கிறாள்.

ஜூன் 22

அப்பா வந்தா தோலை உரிச்சிடுவார் என்று நேற்று சொல்லியிருந்தேன் போலிருக்கிறது. தம்பி சாப்பிட உட்கார்ந்ததும், எப்ப உரிப்பீங்க என்று போய்க் கேட்டிருக்கிறாள். அவன் வாழைப்பழத்தைக் கேட்கிறாள் என்று நினைத்து, சாப்பிட்டதும் உரிக்கலாம் என்றிருக்கிறான். பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்கிறாள். தம்பி மனைவி சோற்றுத் தட்டைக் கட்டிலுக்கு அடியிலேயே தள்ளிவிட்டாள். என்னைத் திட்டியிருக்கலாம்.

ஜூலை 2

தம்பிக்கு இன்று விடுப்பு கிடைக்கவில்லை. டாக்டரிடம் துணைக்கு வர முடியுமா அண்ணி என்று தம்பி மனைவி கேட்டாள். பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் டாக்டராம். இந்த வயசுப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போனேன்.

டாக்டரம்மா நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்து வண்டுவோடு மரக்கட்டைகளை அடுக்கினார். எங்களிடம் நிறையக் கேட்டார். எப்போது பேச ஆரம்பித்தாள், கூப்பிட்டால் திரும்புவாளா, எந்தச் சத்தம் ஆகாது, எந்தத் துணி ஆகாது. போன முறை வந்தபோதும் நெடுநேரம் பார்த்திருக்கிறார்கள். கடைசியில், ஆட்டிசம் என்றார்.

என்ன மருந்து என்று கேட்டேன். இது நோய் இல்லை, மருந்து கொடுத்துப் போக்குவதற்கு என்றார். பிறக்கும்போதே மூளை உலகத்தை வேறு விதமாக வாங்கிக்கொள்கிறதாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்குமாம். சிலருக்குப் பேச்சே வராது, சிலர் பேசித் தள்ளுவார்கள். நமக்குக் கேட்கவே கேட்காத சத்தம் சிலருக்கு இடி மாதிரி விழும். பயிற்சி இருக்கிறது, உதவி இருக்கிறது. ஆனால் பாதி வேலை சுற்றி இருப்பவர்களுக்குத்தான் என்றார். இதைச் சொல்லும்போது ஏன் என்னைப் பார்த்தார்?

அப்படியென்றால் தரையில் விழுந்து அலறுவது பிடிவாதம் இல்லையா என்றேன்.

"பிடிவாதம்னா கேட்டது கிடைச்சதும் நிக்கும்மா. இது தாங்க முடியாம வர்றது. உங்க செருப்புக்குள்ள ஒரு கல்லு கிடந்தா, அதைத் தவிர வேற எதையாவது உங்களால யோசிக்க முடியுமா?"

படியிறங்கும்போது தம்பி மனைவி பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் சரியா வளர்க்கலைன்னு இத்தனை நாளும் நினைச்சிட்டிருந்தேன் அண்ணி." அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு முகம். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டு எங்கள் இருவரையும் தாண்டி இறங்கி, ஒவ்வொரு படியின் விளிம்பையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஜூன் 3-ஆம் தேதிப் பக்கத்தைத் திரும்பப் படிக்கவில்லை. படிக்கவும் மாட்டேன்.

ஜூலை 5

அந்த மினுமினுப்புப் பட்டியில் மீந்ததை என் ரவிக்கைக் கழுத்தில் உள்பக்கமாக வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டேன். மத்தியானத்துக்குள் பட்டனோடு சண்டை, பால்காரரோடு சண்டை, ஒரு கையை இரண்டு முறை வெட்டிவிட்டேன் (துணிக் கையைத்தான்).

கடிக்குது.

ஜூலை 10

பழகிய மெல்லிய பருத்தித் துணி. கழுத்தில் பட்டி கிடையாது, அளவுச் சீட்டு கிடையாது, தையல் முழுக்க வெளிப்பக்கம். அக்கா, பிசிறெல்லாம் வெளியே தெரிஞ்சா நம்ம கடையைப் பத்தி என்ன நினைப்பாங்க என்று பட்டன் புலம்பினாள். போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை. மேசையில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்; அப்படிச் செய்யச் சொன்னது டாக்டரம்மா. ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்; அதை அவர் சொல்லவில்லை.

வண்டு வந்து துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். போட்டுக்கொண்டாள். ரீங்காரம் ஒரு சுருதி ஏறியது.

நன்றியும் இல்லை, ஒரு முத்தமும் இல்லை. நான் மெஷினுக்குப் பின்னால் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி.

ஜூலை 16

சட்டையைக் கழற்றமாட்டேன் என்கிறாள். துவைக்க வேண்டாமா? அதே துணி, அதே அளவு, பச்சையில் இன்னொன்று தைத்துக் கொடுத்தேன். அது வேற சட்டையாம். சரிதானே. வேற சட்டைதான்.

ஆகஸ்ட் 6

பள்ளி ஆண்டு விழா. பிள்ளைகளின் நடன உடை மொத்தமும் நான்தான் தைக்கிறேன். வேலையைக் கொடுத்தவர் பெரிய துணிக்கடை முதலாளி. சீருடைத் தையலும் அவர் கொடுப்பதுதான்; என் கடை ஓடுவதே அதில்தான். விழாவுக்குச் சிறப்பு விருந்தினரும் அவரே.

வண்டுவின் வகுப்பு ஆசிரியை, பாவம் அவளுக்குத்தான் கஷ்டம், அன்னைக்கு வீட்டிலேயே இருக்கட்டுமே என்று தம்பி மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அவள் வந்து சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுர்ரென்று ஏறியது. அளவு எடுக்கும் சாக்கில் நானே பள்ளிக்குப் போனேன்.

போய்ப் பார்த்தால், ஒத்திகை நேரம் பூராவும் வண்டு மேடையோரத்தில் உட்கார்ந்து திரைச்சீலைக் கயிற்றையே பார்க்கிறாள். எந்தக் கயிறு திறக்கும், எது மூடும், எங்கே சிக்கும் என்று எனக்கு விளக்கினாள். இவ்வளவு நீளமாக என்னிடம் பேசியதே இல்லை. ஆசிரியையிடம் கேட்டேன்: நடனம் வேண்டாம், திரையை இவள் இழுக்கட்டும். அவர் யோசித்தார். காவலாளிதான் இழுப்பது வழக்கம், ஆனால் போன வருடம் அவர் தூங்கிவிட்டாராம். சம்மதித்துவிட்டார்.

ஆகஸ்ட் 20

பயிற்சி முழுக்க என் பொறுப்பு. டாக்டரம்மா சொன்ன மாதிரியே: சின்ன வாக்கியம், நேரான பேச்சு, சுற்றி வளைக்கக் கூடாது. "முதலாளி பேசுவார். நன்றின்னு சொல்வார். நன்றி கேட்டதும் கயிறை இழு." சமையலறைத் திரையில் பழகினோம். தம்பிதான் முதலாளி. "நன்றி" என்பான், சர்ரென்று மூடுவாள். ஒருமுறைகூடத் தப்பவில்லை. நான் இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தருவேன் என்று எனக்கே தெரியாது.

ஆகஸ்ட் 23

கடவுளே.

நடனங்கள் எல்லாம் நன்றாக முடிந்தன. ஒரு தையலும் பிரியவில்லை. வண்டு பச்சைச் சட்டையில் (போட்டுக்கொண்டாள்!) காதில் சத்தம் குறைக்கும் காதடைப்பானோடு கயிற்றருகே நின்றாள். முதலாளி பேச வரும்போது, வார்த்தை கேட்க வேண்டுமே என்று காதடைப்பானைக் கழற்றிக்கொண்டாள். அவர் ஒலிவாங்கியைப் பிடித்து, தொண்டையைக் கனைத்து, "முதற்கண் என்னை இங்கே அழைத்த தலைமையாசிரியை அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி" என்றார்.

சர்ர்ர்.

திரைக்குப் பின்னாலிருந்து, "இது என்ன" என்று ஒரு குரல் மட்டும் ஒலிபெருக்கியில் வந்தது. கூட்டம் சிரித்தது. யாரோ திரையைத் திறந்துவிட்டார்கள். முதலாளி பெருந்தன்மையாகப் புன்னகைத்து, பரவாயில்லை என்று கையசைத்து, "திரண்டு வந்திருக்கும் பெற்றோர்களுக்கும் என்..." என்று தொடங்கினார். சொல்லாதீங்க, சொல்லாதீங்க என்று முணுமுணுத்தேன். சொன்னார். இந்த முறை திரை அவர் மூக்கை உரசிக்கொண்டு போனது.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, கை தட்டியது. வண்டு காதைப் பொத்திக்கொண்டு கயிற்றோரம் சுருண்டாள். ஆசிரியை கயிற்றைப் பிடுங்க ஓடினார். பின்னாலிருந்து யாரோ, இதுக்குத்தான் இந்த மாதிரிப் பிள்ளைங்களை ஏத்தக்கூடாது என்றார்கள்.

நான் எழுந்துவிட்டேன். என் குரலுக்கு ஒலிவாங்கி தேவையில்லை. "அவ சரியாத்தான் செய்றா. நன்றின்னு கேட்டா மூடச் சொன்னது நான். தப்பா சொல்லிக்கொடுத்தது நான். தயவுசெஞ்சு கை தட்டாதீங்க, அந்தச் சத்தம் அவளுக்கு வலிக்கும்."

கூடம் அடங்கியது. தம்பி மனைவி மேடையேறி வண்டுவுக்குப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்தாள். காத்திருந்தோம், அத்தனை பேரும். மெல்ல மெல்ல அந்த 'ம்ம்ம்' கேட்டது. முதலாளி திரைக்கு நடுவிலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"பாப்பா, நான் பேசி முடிச்சதும் என்ன சொல்லணும்?"

வண்டு அவர் காதோரம் பார்த்து யோசித்தாள். "முடிஞ்சுதுன்னு சொல்லுங்க."

அவர் வந்தார், கொஞ்சமே பேசினார், 'முடிஞ்சுது' என்றார். திரை அழகாக மூடியது. யாரும் கை தட்டவில்லை.

ஆகஸ்ட் 26

முதலாளி கடைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். சீருடை வேலை போச்சு என்று முடிவுகட்டி, மேசையை விற்கலாமா, மெஷினை விற்கலாமா என்று யோசித்தபடியே பட்டனோடு போனேன்.

வேலை போகவில்லை. ஆனால் அவர் முகத்தில் ஈயாடவில்லை. வீட்டில் அவர் எதையாவது விளக்க ஆரம்பித்தாலே மனைவியும் மருமகளும் எழுந்து சன்னல் திரையை மூடிவிடுகிறார்களாம். இதுக்கு ஏதாவது வழி இருக்காம்மா என்று கேட்டார். கொஞ்சமாகப் பேசிப் பார்க்கச் சொன்னேன். நான் சொன்னதைக் கேட்டுப் பட்டன் வீடு வரை சிரித்துக்கொண்டே வந்தாள். என்ன சிரிப்பு என்று கேட்டேன், சொல்லமாட்டேன் என்கிறாள்.

செப்டம்பர் 2

வண்டுவைப் பயிற்சிக்கு இன்று நான் கூட்டிப்போனேன். முதலாளிக்குச் சொன்னதை நானும் செய்து பார்ப்போமே என்று காத்திருக்கும் அறையில் யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். தலை வலித்தது.

செப்டம்பர் 15

கேட்கிற பக்குவம் வந்துவிட்டால் ஆட்டிசம் என்பதை வண்டுவிடமே சொல்லிவிடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தம்பி, அவன் மனைவி சொல்லட்டும் என்று இருந்தான். அவள், அவன் சொல்லட்டும் என்று இருந்தாள். வண்டு இன்று கடைக்கு வந்து, நான் ஒரு பாவாடைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அத்தை, எனக்கு என்ன?"

மெஷினை நிறுத்தினேன். ஆட்டிசம்னு பேரு என்றேன். சத்தமும் வெளிச்சமும் துணியும் உனக்கு ரொம்பப் பெரிசாத் தெரியும். ஜனங்க ஒண்ணு நினைச்சு ஒண்ணு சொல்வாங்க, அது உனக்குக் குழப்பமா இருக்கும். அது தப்பு இல்லை. நீ இப்படித்தான். எங்களுக்கு உன்னை இப்படியே பிடிச்சிருக்கு. இவ்வளவுதான் சொன்னேன். வேறு என்ன சொல்வது? இன்னும் நீளமாகச் சொல்லியிருக்க வேண்டுமோ?

அவள் கொஞ்ச நேரம் ரீங்கரித்தாள்.

"அப்ப உங்களுக்கு என்ன?"

"எனக்கா?"

"கோபமே இல்லைன்னு சொல்லிட்டு மெஷினை வேகமா ஓட்டுறீங்க. ஒரே கதையை வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்றீங்க. அவங்க முன்னாடி நல்லா இருக்குன்னு சொல்லிட்டு, போனதும் நல்லா இல்லைன்னு சொல்றீங்க. அதுக்கு என்ன பேரு?"

பட்டன் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது.

அதுக்குப் பேரு எதுவும் இல்லையே என்றேன்.

வண்டு கத்தரித்த துணித் துண்டுகளைப் பொறுக்கி நிறம் நிறமாக அடுக்க ஆரம்பித்தாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"பரவாயில்லை அத்தை. நான் பழகிக்கிட்டேன்."